கரண்ட் வைக்கச் சொல்லிவிட்டார்கள், பணத்துக்கு என்ன வழி? மதுரைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை, காப்பீட்டு அலுவலரும் இல்லை. உசிலம்பட்டியிலிருந்து என் அத்தையைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்காக மதுரைக்கு அழைத்து வந்து, சிகிச்சை முடியும்வரை கூடவே இருந்தவன். அன்று வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்ட சந்தேகங்களையே இன்றும் யாராவது போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. ஷாக் கொடுப்பாங்களா?

இல்லை. நம் பக்கம் கரண்ட் என்று சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், ஆனால் பல மடங்கு வலுவான கதிர். மேஜையில் படுக்க வைத்து, கருவி சுற்றி வந்து கட்டி இருக்கும் இடத்தில் கதிரைச் செலுத்தும். அந்த நேரத்தில் வலி இருக்காது. உள்ளே போய்ப் படுத்து எழுந்து வரக் கால் மணி நேரம் போல ஆகும். தோல் கறுப்பது, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, அசதி எல்லாம் இரண்டு மூன்று வாரம் கழித்து மெல்ல வரும். அதற்கு மருந்து உண்டு, மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஐ.எம்.ஆர்.டி., எஸ்.பி.ஆர்.டி.னு என்னென்னமோ எழுதியிருக்காங்க. எது ஒசத்தி?

இந்தக் கேள்வியைப் பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள், பணம் கிடைப்பதும் இதில்தான் இருக்கிறது. கோபால்ட் என்பது கதிர் கொடுக்கும் பழைய கருவி. இன்று பெரும்பாலும் லீனியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமாக லினாக். அந்த ஒரே லினாக்கில் பல முறைகள் செய்யலாம். 3டி முறையில் கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை வெட்டி அனுப்புவார்கள். ஐ.எம்.ஆர்.டி.யில் கதிரின் அளவையே புள்ளிக்குப் புள்ளி மாற்றுவார்கள். தலை, கழுத்துப் புற்றில் எச்சில் சுரப்பியையும் தண்டுவடத்தையும் காப்பாற்ற இது உதவும். ஐ.ஜி.ஆர்.டி. என்றால் கதிர் கொடுக்கும் முன் அந்த மேஜையிலேயே படம் எடுத்து, கட்டி எங்கே இருக்கிறது என்று சரிபார்ப்பது.

எஸ்.பி.ஆர்.டி. இன்னும் குறிவைத்தது. சிறிய கட்டிக்கு மிக அதிக அளவைப் பெரும்பாலும் ஐந்து தடவைக்குள் கொடுத்து முடித்துவிடுவார்கள். நுரையீரலில் ஆரம்ப நிலைக் கட்டி, கல்லீரலில் ஒன்றிரண்டு கட்டி, முதுகெலும்பு போன்றவற்றுக்கு. மூளைக்குள் அதுவே எஸ்.ஆர்.எஸ். இதில் ஒசத்தி, மட்டம் என்று எதுவும் இல்லை. மார்பகத்துக்கு இப்போது 15 தடவை, மூன்று வாரம் பெரும்பாலும் போதும். தொண்டைக்கு 33 முதல் 35 தடவை, ஏழு வாரம் வரை ஆகும். என் அத்தைக்கு வெளியிலிருந்து 25 தடவை, அப்புறம் கர்ப்பப்பைக்குள் கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர். அந்த நோய்க்கு உள்கதிர் இல்லாத குறையை எந்தப் புதுக் கருவியாலும் ஈடு செய்ய முடியாது. ஆகவே எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் நோய்க்கு இதுதான் வேண்டும் என்று ஏன் எழுதினீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தக் காரணம் பின்னால் காப்பீட்டில் அனுமதி வாங்கவும் பயன்படும்.

எங்ககிட்ட கலைஞர் கார்டு இருக்கு. அதுல கரண்ட் சிகிச்சை வருமா?

வரும். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனோடு சேர்க்கப்பட்டது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆளுக்கு 5 லட்சம் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, குடும்பம் முழுவதுக்கும் சேர்த்துத்தான். நோய் முன்பே இருந்தது என்று சொல்லி மறுக்க முடியாது. வயது வரம்பும் கிடையாது.

கதிர்வீச்சில் கோபால்ட், லினாக், உள்கதிர் ஆகியவற்றோடு 3டி, ஐ.எம்.ஆர்.டி., எஸ்.ஆர்.எஸ். போன்ற சிறப்பு முறைகளுக்கும் தொகுப்புகள், அதாவது இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று திட்டத்தில் வைத்திருக்கும் தொகைகள், இருக்கின்றன. குறிவைக்கும் சிகிச்சை எல்லாம் பணக்காரர்களுக்குத்தான் என்று நினைத்துக் கேட்காமலே போய்விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கேளுங்கள்.

கார்டே இல்லைங்க. இனிமே எடுக்க முடியுமா?

முடியும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்தது, அதைக் கேட்டுவிட்டு நமக்குக் கிடைக்காது என்று இன்னமும் சிலர் ஒதுங்கி நிற்கிறார்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதார் அட்டைகளோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். போகும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். சில குடும்பங்கள் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், கார்டுதான் கையில் இருக்காது.

ரேஷன் அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் கண்டதில் அதிகம் தாமதமானது இதில்தான். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடக்கும், ஊரில் தனியாக இருக்கும் அப்பத்தாவின் பெயர் எதிலும் இருக்காது. பெயர் சேர்க்கும் வேலையை பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவு வருவதற்கு முன்பே தொடங்கிவிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் தொழிலாளர் துறைச் சான்றோடு இடம் உண்டு.

மகன் திருப்பூர்ல வேலை பாக்குறான். அவன் சம்பளத்தையும் சேர்ப்பாங்களா?

ஒரே ரேஷன் அட்டையில் இருந்தால் அவர் வருமானமும் குடும்ப வருமானம்தான். கல்யாணமாகித் தனி அட்டை வாங்கியிருந்தால் அவர் தனிக் குடும்பம். வி.ஏ.ஓ.விடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குறைத்துச் சொல்லி வாங்கிய சான்று சிகிச்சை நடுவில் கேள்வியாக வந்தால் அப்போது ஓட நேரம் இருக்காது.

நான் அரசு ஊழியர். மாமா மில்லுல வேலை, ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. எங்களுக்கு?

உங்களுக்கு வேறு வழி. தமிழக அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனிக் காப்பீட்டுத் திட்டங்கள் இருக்கின்றன. ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் தங்கள் மருந்தகம் வழியாக ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய், அங்கே வசதி இல்லாததற்குப் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். பரிந்துரை இல்லாமல் நேரே தனியாருக்குப் போய்விட்டு அப்புறம் பில் கொடுப்பது பெரும் சிக்கல். முன்னாள் ராணுவத்தினருக்கு ஈ.சி.எச்.எஸ். இருக்கிறது.

பெரியாஸ்பத்திரிக்குப் போகவா, பிரைவேட்டுக்குப் போகவா?

பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரங்காபுரத்தில் இருக்கிறது, லினாக் கருவியும் அங்கே இருக்கிறது. மதுரை மட்டுமல்ல, தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று பல மாவட்டத்துக்காரர்கள் வருகிறார்கள். அதனால் கூட்டம் உண்டு. கருவி ஒன்றுதான், ஆட்கள் நிறைய என்னும்போது வரிசை நீளத்தானே செய்யும். உங்கள் பெயர் எந்தத் தேதியில் வரும் என்று முதல் நாளே கேளுங்கள். அந்தத் தேதி நோய்க்குச் சரியா என்று டாக்டரிடம் கேளுங்கள். சரி என்றால் தைரியமாக இருங்கள், அங்கே இருக்கும் மருத்துவர்களும் கதிரியல் இயற்பியலாளர்களும் கைதேர்ந்தவர்கள். என் அத்தைக்கு அங்கேதான் ஆனது.

தேதி ரொம்பத் தள்ளிப் போகிறது, அல்லது உங்களுக்கு எழுதிய முறை அங்கே இப்போது செய்யவில்லை என்றால், அதே காப்பீட்டில் தனியாருக்கும் போகலாம். ஆனால் ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லா வைத்தியத்துக்கும் இருக்கிறது என்று பொருள் இல்லை. இதயத்துக்குச் சேர்ந்திருக்கும், கதிர்வீச்சுக்குச் சேர்ந்திருக்காது. ‘கதிர்வீச்சு சிகிச்சைக்கு இந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா’ என்று அதே இலவச எண்ணில் முழு வாக்கியமாகக் கேளுங்கள். தோப்பூர் எய்ம்ஸ் திறக்கட்டும் என்று காத்திருக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். புற்றை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடத்துக்கும் காத்திருக்கக் கூடாது.

அனுமதிக்கு என்னென்ன பேப்பர் வேணும்? நாங்களே அனுப்பணுமா?

அனுப்புவது மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு. கையில் சரியான பேப்பர் இருந்தால்தான் அவர்களாலும் அனுப்ப முடியும். பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்டும் படமும், காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, ஆதார், அப்புறம் பல துறை மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் டியூமர் போர்டின் குறிப்பு. இந்தக் கடைசிப் பேப்பரை நிறையப் பேர் வாங்குவதில்லை. எந்த நோய், எந்த நிலை, எந்த முறை, எத்தனை தடவை, ஏன் அந்த முறை என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். வெறுமனே கதிர்வீச்சு தேவை என்று மட்டும் எழுதியிருந்தால் சாதாரணத் தொகுப்புக்குத்தான் அனுமதி வரும்.

கதிர் கொடுக்கும் முன் சிமுலேஷன் என்று ஒரு நாள் சி.டி. எடுப்பார்கள். தலை, கழுத்து என்றால் முகத்துக்கு அச்சு மாஸ்க் செய்வார்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரில் திட்டம் போடச் சில நாள் ஆகும். அனுமதி விண்ணப்பம் அந்த நாட்களுக்கு முன்பே போயிருக்க வேண்டும். திட்டம் தயாராகி, மாஸ்க்கும் தயாராகி, அனுமதி மட்டும் வராமல் நிற்பது கொடுமை. அந்த இடைவெளியில் உடம்பு இளைத்தால் மாஸ்க் லூசாகி மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். தொண்டை நோயாளிகளிடம் இது நடக்கிறது.

ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. அவ்வளவுதானா?

முதலில் அது மறுப்பா, விளக்கம் கேட்டு நிற்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் விளக்கம்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் அனுபவம். படம் தெளிவாக இல்லை, பெயர் ஒன்றில் முத்துப்பேச்சி, இன்னொன்றில் பேச்சியம்மாள், ரிப்போர்ட் பழையது, இப்படி. காப்பீட்டுப் பிரிவில் அந்தக் கேள்வியை எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல்லாகக் கேட்டுத் திரும்பாதீர்கள்.

முறை தேவையில்லை என்று மறுத்திருந்தால், மேலே சொன்ன ‘ஏன் அந்த முறை’ என்ற வரிதான் கைகொடுக்கும். இதற்கு முன் அதே இடத்தில் கதிர் வாங்கியிருக்கிறார், தண்டுவடம் பக்கத்தில் இருக்கிறது, நுரையீரல் பலவீனமாக இருப்பதால் ஆபரேஷன் முடியாது, இப்படி மருத்துவக் காரணத்தோடு டாக்டர் திருத்தி எழுதினால் மறுபடி அனுப்பலாம். அதற்கும் வழி இல்லையென்றால் மாவட்ட அளவில் திட்ட அலுவலர் இருக்கிறார், கலெக்டர் தலைமையில் குறைதீர் குழு இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம்.

இது எல்லாம் நடக்கும்போது டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: இப்போது அனுமதி இருக்கும் முறையிலேயே தொடங்கினால் எவ்வளவு குறைகிறது? பல நோயில் நன்றாகச் செய்த 3டி போதும். இரண்டு மாதம் சண்டை போட்டு வாங்கும் ஐ.எம்.ஆர்.டி.யைவிட அடுத்த வாரம் தொடங்கும் 3டி உயிரைக் காக்கலாம். சண்டை போடுவதா, தொடங்குவதா என்று தீர்மானிக்க வேண்டியது டாக்டரும் நீங்களும் சேர்ந்துதான்.

கார்டு எடுத்துக்கிறோம், ஆனா கூட அறுபதாயிரம் கட்டுங்கன்னு சொல்றாங்க. கட்டணுமா?

திட்டம் பணமில்லாச் சிகிச்சை. அனுமதித்த தொகுப்புக்குள் வரும் எதற்கும் கூடுதலாகக் கேட்கக் கூடாது. எங்கள் உறவினர் ஒருவரிடமும் ஓரிடத்தில் ‘பிளானிங் சார்ஜ்’ என்று கேட்டார்கள். எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கட்டுகிறோம் என்றோம். எழுதித் தரவில்லை, பணமும் மறுபடி கேட்கவில்லை. நீங்களும் மரியாதையாக அப்படியே கேளுங்கள். கட்டத்தான் வேண்டும் என்று நின்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தர வேண்டாம், மேலே சொன்ன இடங்களில் புகார் பதியுங்கள். தொகுப்புக்கு வெளியே உண்மையிலேயே ஏதாவது தேவைப்பட்டால் அது வேறு, அதையும் தொடங்கும் முன் எழுத்தில் கேட்கலாம்.

நகையை வச்சு ஏற்கெனவே ரெண்டு லட்சம் கட்டிட்டோம். திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. காப்பீட்டுக்கு முன் அனுமதி வேண்டும். பிரதமர் நிவாரண நிதியும் மத்திய சுகாதாரத் துறை நிதியும் இனிமேல் ஆகப்போகும் செலவுக்குத்தான் தருகின்றன, ஆன செலவுக்கு இல்லை. மிச்சம் இருக்கும் சிகிச்சைக்காவது இன்றே கார்டைக் காட்டுங்கள். உள்கதிர், கீமோ எல்லாம் இன்னும் பாக்கி இருக்கலாம்.

அஞ்சு லட்சமும் தீர்ந்துருச்சு. இல்லைன்னா கார்டுக்கே வராத சிகிச்சை. வேற என்ன இருக்கு?

நாலு வாசல் இருக்கிறது. முதலாவது அரசு மருத்துவமனை. காப்பீடு தீர்ந்தால் அங்கே உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இரண்டாவது பிரதமரின் தேசிய நிவாரண நிதி. மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம் அசலாக, வருமானச் சான்று, நோயாளியின் போட்டோவோடு பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் எம்.பி. அலுவலகத்தில் இதற்கு வழக்கமாகவே உதவி செய்கிறார்கள், கட்சி பார்க்காமல் போய்க் கேளுங்கள். செலவில் ஒரு பகுதிதான் வரும், நேரே மருத்துவமனைக்குப் போகும். மூன்றாவது முதலமைச்சரின் பொது நிவாரண நிதி, கலெக்டர் அலுவலகம் வழியாக மனு.

நாலாவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதிக்குள் 2009 முதல் மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, நாட்டில் உள்ள 27 மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாக. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் அவற்றில் ஒன்று. அங்கே சிகிச்சை என்றால் சமூகப் பணியாளரைப் பார்த்து இந்த நிதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

காப்பீட்டுத் திட்டத்திலேயே 5 லட்சத்துக்கு மேல் தரும் தனி நிதி இருக்கிறதாமே என்பார்கள். அது உறுப்பு மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றுக்காக வைத்தது, கதிர்வீச்சுக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

சென்னையில புரோட்டான் வந்திருக்காமே. நிலத்தை வித்தாவது போயிடலாமா?

2019 முதல் சென்னையில் ஒரு தனியார் மையத்தில் இருக்கிறது. அரசு சார்பில் மும்பைக்குப் பக்கத்தில் கார்கரில் டாடா நினைவு மையத்திலும் வந்துவிட்டது. புரோட்டான் கதிர் கட்டிக்குள் போய் நின்றுவிடும், பின்னால் இருக்கும் உறுப்புக்குப் போகாது. குழந்தைகளின் மூளை, தண்டுவடக் கட்டிக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிக்கும் அது உண்மையிலேயே பெரிய உதவி. பெரியவர்களின் பல புற்றுகளில் நல்ல ஐ.எம்.ஆர்.டி.யைவிட உயிரைக் கூடுதலாகக் காக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செலவோ 5 லட்சத்துக்குள் அடங்காது.

நோயாளி குழந்தையாக இருந்தால் நிலத்தை விற்கும் முன் கார்கருக்கு ரிப்போர்ட்டுகளை அனுப்பிக் கருத்து கேளுங்கள். அறுபது வயது அப்பாவுக்கு என்றால், இரண்டாவது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரத்தை எடுக்காதீர்கள்.

சென்னைக்குப் போய் வர டிக்கெட் செலவே தாங்கலையே?

ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போக ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏ.சி. இரண்டிலும் கட்டணம் முழுவதும் சலுகை. கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கி, மதுரை ஜங்ஷன் முன்பதிவு கவுன்டரில் காட்ட வேண்டும். உள்ளூரில் பாலரங்காபுரத்துக்கு வரும் பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசு இல்லை.

பாதி முடிஞ்சிருச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டு ஒரு வாரம் கழிச்சு வரலாமா?

வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் இருப்பது நம் ஊர்க்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் அத்தை அந்த வருஷம் டி.வி.யில்தான் பார்த்தார். ஆனால் இடைவெளி விட்டால் மிச்சம் இருக்கும் புற்றணுக்கள் வேகமாகப் பெருகும். கர்ப்பப்பை வாய்ப் புற்றில் வெளிக்கதிர், உள்கதிர் எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பார்கள். தொண்டைப் புற்றில் ஒவ்வொரு நாள் தள்ளிப் போவதும் கணக்கு. கருவி ரிப்பேராகி நாள் போனால்கூட அதை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று கேளுங்கள், சனிக்கிழமை கொடுப்பார்கள், அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை கொடுப்பார்கள்.

பணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. நடுவில் காணாமல் போனால் அனுமதித்த தொகுப்பு அரைகுறையாக நிற்கும், திரும்பி வரும்போது புதிதாக விளக்கம் எழுத வேண்டும்.

தாத்தாவுக்கு 78 வயசு, எலும்புக்குப் பரவிருச்சு. இனிமே எதுக்கு அலையணும்னு வீட்டுல சொல்றாங்க.

நோயைத் தீர்க்க இல்லை, வலியைத் தீர்க்க அலையலாம். எலும்பில் பரவிய வலிக்கு 8 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) அளவை ஒரே தடவையாகக் கொடுக்கும் முறை உலகம் முழுவதும் நடப்பில் இருக்கிறது. பத்துத் தடவை வந்து போவதற்குச் சமமாகவே வலியைக் குறைக்கிறது. வலி மறுபடி வந்தால் இன்னொரு தடவை கொடுக்கலாம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம், சாதாரண லினாக்கோ கோபால்ட்டோ போதும், காப்பீட்டிலும் வலி தணிக்கும் கதிர்வீச்சுக்கு இடம் உண்டு. ‘ஒரே நாளில் முடிக்க முடியுமா’ என்று நீங்களாகக் கேளுங்கள்.

கால் மரத்துப் போகிறது, நடை தள்ளாடுகிறது, ஒன்றுக்கு வரவில்லை என்று தாத்தா சொன்னால் அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். அப்போது கார்டு, பேப்பர் எதையும் தேட வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கார்டை மறுநாள் காலையில் வீட்டிலிருந்து யாராவது எடுத்து வரட்டும்.